உள்துணி

டண்டினோங்கில் அந்த ஒப் ஷொப்பில்
செவ்வாய்க்கிழமை பச்சைச் சிட்டைக்கெல்லாம் பாதி விலை.
தெரிந்தவர்கள் ஒன்பது மணிக்கே கதவடியில் நிற்போம்
ஒருவரையொருவர் தெரியாதவர்கள் போல.

பெண்கள் பக்கம் முழுக்கப் பதினெட்டு வயது இடுப்புகள்.
நான் ஆண்கள் பக்கம் போனேன்.
யாரோ காலமானவரின் சூட்டுகளுக்கு நடுவில்
சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு ஒன்று.
பொத்தான் இடப்பக்கம்.
வழி தவறி வந்து நிற்கிறாள்.
பன்னிரண்டு டொலர், பச்சைச் சிட்டை.
ஆறு.

ஆள் பாதி ஆடை பாதி என்று சொன்னவர்
ஐம்பத்திரண்டு வயதுக்காரியை அளந்து பார்த்ததில்லை.
இங்கே ஆளே ஒன்றேகால்.
அந்தக் கடைக் கண்ணாடி வேறு
சுவரில் சாய்ந்து நின்று கொஞ்சம் மெலிதாய்க் காட்டும்,
அது எனக்கும் தெரியும்
அதற்கும் தெரியும்.
இருந்தாலும் கொலரை நிமிர்த்தியதும்
முதுகு தானாக எழுந்து நின்றது,
அதிபர் வந்த வகுப்பு மாதிரி.

உள்துணி மட்டும் கந்தல்.
அக்குளில் நைந்து, பையடியில் கிழிந்து.
பைக்குள் ஒரு மின்ட் உறை,
எழுத்தழிந்த டிராம் சீட்டு.
யாரோ ஒருத்தி இதைப் போட்டுக்கொண்டு
நன்றாகத் திரிந்திருக்கிறாள்.

ஸ்பிரிங்வேலில் தையற்கடை வைத்திருக்கும் ஹான்
வாயில் குண்டூசிகளோடு விரலை விரித்துக் காட்டினாள்:
கூலி நாற்பது, துணி வேறு.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
இதை அவளுக்கு ஆங்கிலத்தில் சொல்லப் பட்ட பாடு!
ஊசிகளை எடுத்துவிட்டுச் சிரித்தாள்.
அவர்களிடமும் ஒன்று இருக்கிறதாம்.
அதில் வாத்தாம்.

துணிக்குக் காசில்லை.
துணி இருந்தது.
அலுமாரிக்கு மேலே சூட்கேசில்
பூச்சியுருண்டை மணத்தோடு முப்பத்தொரு சேலைகள்
நல்ல நாளுக்காகப் படுத்திருந்தன.
அந்த ஊதாப் பட்டு
பிரதீபனின் கலியாணத்துக்கு வாங்கியது.
ஒரே நாள் கட்டினேன்,
அதுவும் மத்தியானச் சாப்பாட்டோடு மாற்றிவிட்டேன்,
சாம்பார் பட்டுவிடும் என்று.
அந்தக் கலியாணம் முறிந்து ஏழு வருடம்.
சேலை ஒரு மடிப்புக் கசங்கவில்லை.

நிச்சயமாகவா, என்று ஹான் இரண்டு தரம் கேட்டாள்.
மூன்றாம் தரம் கேட்டிருந்தால்
சேலையைப் பறித்துக்கொண்டு ஓடியிருப்பேன்.
அவள் கேட்கவில்லை.
கத்தரிக்கோல் போன சத்தம்
நான் நினைத்த அளவுக்குப் பெரிதாயில்லை.

எவ்வளவு முடிந்தது, என்று சுகிர்தன் கேட்டான்.
கோட்டு ஆறு டொலர் என்றேன்.
எங்கே பொய்?

ஜூன் மாதம், காலை ஆறு பத்து.
நோபிள் பார்க்கில் முதியோர் இல்லத்துச் சமையலறை,
எண்பது பேருக்கு ஓட்ஸ் காய்ச்ச வேண்டும்.
ஸ்டேஷனில் இறங்குகிறேன்.
தலைக்கு மேலே வயது காட்டாத கறுப்புச் சாயம்,
காலில் வழுக்காத வேலைச் சப்பாத்து,
நடுவில் நான்.
காற்று ஒன்று வந்து கோட்டை அகலத் திறந்தது.
சரிகை மாங்காய்கள் இருட்டுக்குள் பளீரென்று
எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போயின.
எதிர்மேடையில் நின்ற ஒருத்தி,
என் வயதுதான் இருக்கும்,
குனிந்து தன் ஜக்கெட்டை ஒருமுறை பார்த்தாள்.

வேலைக்குள் போனால் பிளாஸ்டிக் ஏப்ரன், வலைத்தொப்பி.
லொக்கரில் கோட்டை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டுகிறேன்.
இதைக் கண்ட மரிசெல்
நாளைக்குத் தன் அம்மாவின் மேசைவிரிப்பைக்
கொண்டுவருகிறாளாம், அளவு பார்க்க.

இடது கை மட்டும் அரை அங்குலம் நீளம்.
ஹானிடம் போனால் இன்னும் பதினைந்து டொலர்.
மடித்து விட்டுக்கொண்டேன்.
மடித்த இடத்தில்
ஊதா தெரிகிறது.

வலதையும் மடித்தேன்.